கால்சுத்து அக்காவும் கொடி மேஜையும்

மரப்பட்டறைகள் வரிசையாக இருக்கும் அந்தச் சந்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கால்சுத்து என்றால்தான் தெரியும். "கால்சுத்து அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே பலகையைத் தோளில் சுமந்து ஆட்கள் வருவார்கள். புதிதாக வருகிறவன் எவனாவது "ஏன் அந்தப் பேரு, கால்ல ஏதாவது..." என்று இழுத்தால் தொலைந்தான். அவன் பலகை அன்றைக்கு வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

பெயர் காலால் வந்ததில்லை, கைப்பிடியால் வந்தது. அவள் ஓட்டுவது டிரம் மிஷின். உப்புத்தாள் சுற்றிய ஓர் உருளை மேலே சுழலும். அதன் அடியில் ரப்பர் பட்டை ஒன்று ஓடிக்கொண்டே பலகையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பக்கம் சொரசொரப்பாக நுழைகிற பலகை அந்தப் பக்கம் வழவழவென்று வெளியே வரும். வர வேண்டும். வருமா வராதா என்பது மிஷினின் தலைமேல் இருக்கும் கைப்பிடியைப் பொறுத்தது. அதைத் திருப்பினால் உருளை கீழே இறங்கும், மரத்தைக் கூடுதலாகத் தின்னும். எவ்வளவு இறக்குவது என்பதில்தான் எல்லோருக்கும் அவசரம். முழுச் சுற்று ஒரே இறக்காக இறக்குவார்கள். பலகை கருகும், தாள் கிழியும், "மிஷின் சரியில்லப்பா" என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பினதே கிடையாது. தலைபோகிற அவசரம் என்று யார் வந்து நின்றாலும் கால் சுற்றுதான்.

மிஷின் முதலில் அவளுடையதும் இல்லை. அவள் கணவனும் கொழுந்தனும் சேர்ந்து எங்கோ மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து அதைப் பழசாக வாங்கி வந்தார்கள். இரண்டு பேரும் கைதேர்ந்த தச்சர்கள், ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். ஒரு பலகையில் படிக்கட்டு மாதிரி வரி விழுந்தது, இன்னொன்றில் கறுப்பாகத் தீய்ந்த கோடு. மூன்றாவது பலகை ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் வந்ததும் மிஷினுக்கு ஓர் உதை கொடுத்து, தார்ப்பாய் போட்டு மூடி, மேலே பெயின்ட் டப்பாக்களை அடுக்கிவிட்டார்கள்.

அப்போது அவள் வீட்டுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மரத்தைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் சும்மா கிடக்கிற பொருளைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. ஆண்கள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து டப்பாக்களை இறக்கினாள். வேண்டாத துண்டுப் பலகைகளைப் போட்டுப் போட்டுப் பாழாக்கினாள். ஒரே அளவாக இரண்டு குச்சிகளை அறுத்து, உருளையின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் விட்டுப் பார்த்தாள். ஒன்றைத் தொட்டது, மற்றதைத் தொடவில்லை. உருளை கோணலாக நிற்கிறது! அதை நேராக்கவே சில நாள் ஆனது. தாளைத் தொய்வில்லாமல் இறுக்கிச் சுற்றவில்லை என்றால் மடிப்பு ஏறி அந்த இடம் கருகும் என்று தெரிந்துகொண்டாள். எண்பது நம்பர் என்கிற சொரசொரப்பான தாளில் தேய்த்துவிட்டு நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டி நேரே மிருதுவான தாளுக்குப் போனால் பழைய கீறல் அப்படியே பல்லை இளிக்கும் என்பதும், உள்ளே போன பலகையை நடுவழியில் ஒரு நொடி நிறுத்தினாலும் அங்கே பள்ளம் விழும் என்பதும் பட்டுத் தெரிந்தவை. மரப்பால் ஏறித் தாள் அடைத்துக்கொண்டால் பழைய ரப்பர் செருப்பின் அடியைச் சுழலும் உருளையில் அழுத்துவாள். பால் உருண்டு உருண்டு உதிரும். "கெஞ்சினா எங்க கேக்குது? செருப்பால குடுத்தாத்தான் கேக்குது," என்பாள். அந்த நேரத்தில் அவள் கணவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு வீட்டில் பேச ஆள் இல்லை. அண்ணனும் தம்பியும் வாயைத் திறந்தால் மரம், மரத்தை விட்டால் ஆணி. மாமியார் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழைய பலகைகளிலிருந்து ஆணி பிடுங்குவாள். ஆணி இருந்தால் தாள் நார் நாராகிவிடும், அதனால் அது முக்கியமான வேலைதான். ஆனால் அவள் பேச்சும் ஆணி பிடுங்குகிற மாதிரியே இருக்கும்.

அப்புறம்தான் கொழுந்தன் மனைவி வந்தாள். சின்னவள். வந்த முதல் வாரமே மிஷினின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "தள்ளுங்கக்கா, நான் வாங்குறேன்," என்றாள். அன்றிலிருந்து ஒருத்தி தள்ள ஒருத்தி வாங்க, நடுவில் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் ஓடும். இரண்டு ஓரகத்திகள் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்துச் சந்தில் கண் வைக்காதவர்கள் கிடையாது.

கைப்பிடிக்கு இருவருமே கை நீட்ட முடியும் என்பதால் அவர்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டது. யார் கை ஒழிந்திருக்கிறதோ அவள் திருப்புவாள். திருப்பும்போது "கால்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்டவள் "ஆச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். மிஷின் போடும் சத்தத்துக்கு இருவரும் காதில் கிண்ணம் மாதிரியான காதுமூடியை மாட்டியிருப்பார்கள். பலகை வெளியே வந்ததும் ஒரு பக்கத்துக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள், இந்த ஒரு வார்த்தைக்காக. சொல்லாமல் திருப்பக் கூடாது, பதில் கேட்காமல் பலகையைத் தள்ளக் கூடாது. பதில் வரவில்லை என்றால் திருப்பியவள் பழையபடி திருப்பி வைத்துவிட வேண்டும். இந்த முறை இருந்தவரைக்கும் அவர்கள் கையில் ஒரு பலகை கெட்டதில்லை.

சின்னவளுக்கு வேறொரு கையும் இருந்தது. வேலை ஓய்ந்த நேரத்தில் வினீர்த் தகடுகளை, அதாவது மரத்திலிருந்து மெல்லிசாகச் சீவியெடுத்த தகடுகளை, பூவும் இலையுமாக வெட்டி ஒட்டுவாள். கறுத்த மரத்தில் வெளிர் மரம், வெளிர் மரத்தில் சிவந்த மரம். முதலில் சின்னப் பெட்டிகள் செய்தாள், பிறகு ஒரு கண்ணாடிச் சட்டம். அதை எங்கோ பார்த்த பெரிய கடைக்காரம்மா ஒருத்தி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு வேறு ஊரில் பெரிய பட்டறை. "ஒரு மேஜைப் பலகை செஞ்சு காட்டும்மா. எனக்குத் திருப்தியா இருந்தா இந்தத் தகடு பதிக்கிற வேலை மொத்தமும் உன் பொறுப்பு. உன் வீட்டுக்காரருக்கும் அங்கேயே வேலை," என்றாள்.

அன்று சாயங்காலம்தான் வெடித்தது. கால்சுத்து சும்மா இருந்திருக்கலாம். வாய் எங்கே சும்மா இருக்கிறது?

"ரெண்டு இலை ஒட்டத் தெரிஞ்சதும் றெக்கை முளைச்சிடுச்சா? வீட்டை ரெண்டாக்கிட்டுத்தான் போவியா?"

சின்னவளும் விடவில்லை. "நாள் பூரா மிஷின் தூசியத் துடைக்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

அந்த ஒரு சொல் போதாதா? பேச்சு நின்றுபோனது. ஒரே மிஷினில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, பலகையை வாங்கிக் கொடுத்து, ஒரே குழாயில் கை கழுவி, ஒரு வார்த்தை கிடையாது. சொல்லியே ஆக வேண்டிய விஷயத்தை ஒருத்தி சுவரைப் பார்த்துச் சொல்வாள், மற்றவள் வாளியைப் பார்த்துப் பதில் சொல்வாள். "கால்", "ஆச்சு" எல்லாம் போயிற்று. கைப்பிடியைக் கால்சுத்து மட்டுமே திருப்பினாள். சின்னவள் அதன் பக்கம் கையையே கொண்டுபோகவில்லை. தடிமனான பலகைகள்தானே, வேலை ஓடியது.

இப்படி ஒரு மாதம் போலப் போனது. கொடி மேஜையும் முடிந்தது.

சதுரமான பலகை. ஓரம் முழுக்க ஒரு கொடி சுற்றி ஓடியது. ஒவ்வோர் இலையும் ஒவ்வொரு மரம், நரம்புகூடத் தனியாகத் தெரிந்தது. ஆனால் ஒட்டின தகடுகள் மேடும் பள்ளமுமாக நின்றன. கையால் தேய்த்தால் மெத்தென்ற மரம் சீக்கிரம் தேயும், கெட்டி மரம் அப்படியே நிற்கும், அலை அலையாகிவிடும். டிரம் மிஷின்தான் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கும். ஆனால் தகட்டின் கனம் நகத்தின் கனம்தான். கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலும் தகடு தேய்ந்து அடியிலிருக்கும் பசையும், தகடு ஒட்டியிருக்கும் மட்டப்பலகையும் தெரிந்துவிடும். தெரிந்தால் தெரிந்ததுதான், மரத்தை மறுபடி வளர்க்க முடியாது.

சின்னவள் தன் கணவனிடம் சொல்ல, அவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணி, அந்த மேஜைய... நாளைக்குச் சாயங்காலம் அந்தம்மா பாக்க வராங்க... நீங்கதான்..."

"ஏன், உன் பொண்டாட்டிக்கு வாய் இல்லையா?"

"அண்ணி, நடுவுல என்னை ஏன் இழுக்கறீங்க?"

"சரி, கொண்டு வரச் சொல்லு," என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அதிலிருந்த சிக்கல் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் என்ன முட்டாளா? இந்தப் பலகை நல்லபடியாக வந்தால் சின்னவள் போய்விடுவாள். கெட்டுப்போனால் இருப்பாள். இது அவளுக்கும் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தவறிப் போய் ஓர் இலை தேய்ந்தாலும் அவள் வேண்டுமென்றே செய்ததாகத்தான் சொல்வார்கள். சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பப் போவதில்லை. மேஜை மட்டுமா மிஷினுக்குள் போகிறது, அவள் மானமும் சேர்ந்துதான் போகிறது.

மறுநாள் காலையில் இரண்டு குச்சிகளையும் விட்டு உருளை நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். பார்த்ததையே திரும்பவும் பார்த்தாள். நூற்றிருபது நம்பரில் புதுத் தாளை இறுக்கிச் சுற்றினாள். தூசி இழுக்கும் குழாயைத் தட்டிச் சுத்தம் செய்தாள். வேண்டாத துண்டு ஒன்றில் அதே தகட்டை ஒட்டிக் கொடுக்கும்படி சுவரிடம் கேட்டாள். சின்னவள் ஒட்டி வாளியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதை விட்டுப் பார்த்ததில் கால் சுற்றே அதிகம் என்று தெரிந்தது. அரைக்கால் சுற்றுதான் திருப்ப வேண்டும், அதாவது கால் சுற்றில் பாதி.

மதியம் மேஜைப் பலகையை மிஷினருகே கொண்டு வந்தபோது வேலையை விட்டுவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். கணவர் உளியைக் கையில் பிடித்தபடியே நின்றார். மாமியார் முக்காலியோடு வந்துவிட்டாள்.

"எதுக்கு இங்க கூட்டம்? படமா ஓட்டுறாங்க?" என்று கால்சுத்து சீறினாள். ஒருவரும் நகரவில்லை.

பென்சிலால் பலகை முழுக்க லேசாக நெளிநெளியாகக் கோடு போட்டாள். கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். எல்லாக் கோடும் அழிந்தால் பலகை மட்டமாகிவிட்டது என்று அர்த்தம், அதோடு நிறுத்திவிடலாம். அந்தப் பக்கம் சின்னவள் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அது பலகையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மிஷின் ஓடத் தொடங்கியது. உருளை தொட்டும் தொடாமலும் நிற்கும்படி கைப்பிடியை வைத்து, பலகையைக் கொஞ்சம் சாய்வாகத் தள்ளினாள். உஸ்ஸென்று ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். பலகை வெளியே போனது, சின்னவள் வாங்கினாள், சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். நடுவில் சில கோடுகள் அழிந்திருந்தன. கால்சுத்து அரைக்கால் திருப்பினாள். மறுபடி உஸ். பாதிக்கு மேல் அழிந்தது. இலைகள் பளிச்சென்று மேலே வந்தன. கொழுந்தன் தன்னையறியாமல் "அட!" என்றான்.

இன்னோர் அரைக்கால். இந்தத் தடவை பலகை வெளியே வந்தபோது ஒரே ஒரு மூலையில் மட்டும் கோடு மிச்சமிருந்தது. இரண்டு இலைகள் சேருகிற இடம். இன்னும் ஒரே ஒரு தடவை விட்டால் முடிந்தது.

கால்சுத்து பலகையை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, காதுமூடியின் ஒரு பக்கத்தைத் தோளால் தள்ளிவிட்டு, குனிந்து வாயால் தூசியை ஊதினாள். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"அரைக்கால்க்கா."

ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. தாழ்ந்த குரல்தான், முகமூடிக்குள்ளிருந்து வந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது. சின்னவள் கை ஒழிந்திருந்தது, முன்பெல்லாம் செய்கிற மாதிரியே திருப்பியிருக்கிறாள். கால்சுத்துக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த நொடியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓகோ, காரியம் ஆகிற நேரத்தில் மட்டும் அக்காவா? இத்தனை நாள் எங்கே போனது இந்த அக்கா? இன்னொரு தடவை கூப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

நிமிரவில்லை. பதில் சொல்லவில்லை. காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். முகம் சொன்ன பொய்யை அவள் கையே நிஜமென்று நம்பிவிட்டது. பலகையை மேடைமேல் வைத்தாள், ஒரு மாதப் பழக்கத்தில் கை தானாக மேலே போனது, கைப்பிடியை அரைக்கால் திருப்பியது. பலகையைத் தள்ளினாள்.

பலகையின் முனை உள்ளே போனதுமே தெரிந்துவிட்டது. உஸ் என்று வரவில்லை. உர்ர் என்று வந்தது.

ஐயோ!

நிறுத்த முடியாது, நிறுத்தினால் அந்த இடத்தில் உருளை பள்ளமே பறித்துவிடும். விடவும் முடியாது, விட்டால் கொடி முழுக்கப் போய்விடும். யோசிக்க நேரமில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து மேலே திருப்பினாள். உருளை ஏறியது, சத்தம் மெலிந்தது, பலகை மெதுவாக அந்தப் பக்கம் வெளியே போனது. அவள் மிஷினை அணைத்தாள். உருளை சுற்றி ஓய்கிறவரைக்கும் ஒருவரும் அசையவில்லை.

முன் மூலையில் இரண்டு இலைகள் இல்லை. இருந்த இடத்தில் மஞ்சளாகப் பசையும் வெளிறிய மட்டப்பலகையும் தெரிந்தன. மற்றதெல்லாம் பிழைத்திருந்தது. ஆனால் கண் வேறெங்கே போகும்? அந்த மூலைக்குத்தான் போகும்.

முதலில் மாமியார்தான் வாயைத் திறந்தாள். "நெனச்சதைச் சாதிச்சிட்டியா பெரியவளே?"

"அத்தை..." என்று கால்சுத்து தொடங்கினாள்.

"சும்மா இருங்கம்மா," என்றார் கணவர். "அவ வேணும்னு செஞ்சிருக்க மாட்டா." செய்யவில்லை என்று சொல்லவில்லை, செய்திருக்க மாட்டாள் என்றுதான் சொன்னார். அதற்கே குரல் இறங்கிப்போனது. மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கொழுந்தன் முகம் சிவந்து நின்றான். ஒரு நாளும் அவளை எதிர்த்துப் பேசாதவன். "அண்ணி, இத்தனை வருஷத்துல உங்க கையில ஒரு பலகை கெட்டிருக்கா? நீங்களே சொல்லுங்க. இன்னைக்கு மட்டும், இவளோடது மட்டும் எப்படிக் கெட்டுச்சு?"

இத்தனை வருஷம் சம்பாதித்த நல்ல பெயரே எதிரே வந்து நின்று அவளைக் குற்றவாளி என்றது. மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்னவள் முகமூடியைக் கழற்றினாள். மூலையை விரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை.

"அக்கா ஒண்ணும் பண்ணல," என்றாள். "நான்தான் திருப்பினேன். சொல்லாம திருப்பிட்டேன். அது தெரியாம அக்காவும் திருப்பிட்டாங்க."

"நீயா?" என்றான் அவள் கணவன்.

"நான்தான்னு சொல்றேன்ல. பழக்கத்துல கை போயிடுச்சு. வாயத் தொறந்து சொல்லல. என் தப்பு."

சொல்லும்போது அவள் கால்சுத்தைப் பார்க்கவே இல்லை.

அவ்வளவுதான். பட்டறையில் இறுகிக் கிடந்ததெல்லாம் பொசுக்கென்று தளர்ந்தது. கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "மன்னிச்சிடுங்கண்ணி," என்றான். கணவர் பெருமூச்சு விட்டார். மாமியாருக்கு ஒரே நிமிஷத்தில் குரல் தேனாகிவிட்டது. "போனா போகுது விடுடி. ஒரு மேஜைதானே? ஊரு விட்டு ஊரு போய் யாருக்கோ உழைக்கணும்னு என்ன தலையெழுத்து? அந்தம்மாவ வர வேண்டாம்னு சொல்லிடலாம். எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்."

"நானே சொல்லிடறேன்," என்று கணவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

கால்சுத்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டதெல்லாம் மடியில் வந்து விழுந்துவிட்டது. வீடு உடையாது. சின்னவள் நாளைக்கும் மிஷினின் அந்தப் பக்கம் நிற்பாள். மானமும் போகவில்லை. இதற்கெல்லாம் அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மாதமாகச் செய்த வேலைதானே?

கணவர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வைங்க போனை," என்றாள்.

"என்ன?"

"வைங்கன்னு சொல்றேன். அவ பொய் சொல்றா. அவ சொல்லிட்டுத்தான் திருப்பினா. அரைக்கால்க்கான்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு."

மாமியார் வாய் திறந்தபடி நின்றது.

"நல்லாவே கேட்டுச்சு. வீம்புக்குக் கேக்காத மாதிரி இருந்தேன். பதில் சொல்லல. நானும் திருப்பினேன். கெடுக்கணும்னு திருப்பல, அதை நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. ஆனா கேட்டுச்சு." அவள் குரல் உடைந்துபோனது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. "அந்தம்மாவ வர வேண்டாம்னு யாரும் சொல்லக் கூடாது. வரட்டும். மிஷின்காரி கெடுத்ததை இவ எப்படிச் சரி பண்றான்னு உக்காந்து பாக்கட்டும். நல்லா இருக்கிற பலகைய யார் வேணும்னாலும் காட்டலாம்."

கணவர் போனைப் பையில் போட்டார். தம்பியின் தோளைத் தட்டி அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனார். மாமியாரும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தாள். வழக்கத்துக்கு மாறாக எதையும் முணுமுணுக்கவில்லை.

இருவரும் தனியே நின்றார்கள். நடுவில் மிஷின்.

"நான்தான் பழிய எடுத்துக்கிட்டேனே," என்றாள் சின்னவள். "எதுக்குக்கா போட்டு உடைச்சீங்க? இனிமே அத்தை உங்கள விடவே மாட்டாங்க."

"விடாட்டி போறாங்க. நான் கேட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஊதிக்கிட்டு இருந்தீங்க. நான் சொன்னதும் ஊதுறது நின்னுச்சு. ஆச்சுன்னு சொல்லப் போறீங்கன்னு நெனச்சேன். வரல. நான் திருப்பி வெச்சிருக்கணும். எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. கேட்டுட்டுத்தானே இருக்காங்க, வேணும்னா வாயத் தொறக்கட்டும்னு கைய எடுத்துட்டேன்." சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஏன்க்கா பதில் சொல்லல?"

வீம்பு என்று இன்னொரு தடவை சொல்லிவிடலாம். அதுவும் நிஜம்தான். ஆனால் முழுக்க நிஜம் இல்லையே!

"சொல்லியிருந்தா நீ போயிடுவியே," என்றாள் கால்சுத்து.

சொன்னதும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முகமெல்லாம் மரத்தூள், துடைக்கத் துடைக்க இன்னும் கண்ணில்தான் போனது.

சின்னவள் மிஷினைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். தன் முந்தானையின் உள்பக்கத்தை உதறி, அக்காவின் கண்ணிலிருந்த தூசியை மெதுவாக ஒற்றியெடுத்தாள்.

"சொல்லாட்டியும் போவேன்க்கா," என்றாள். "உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசாம போயிருப்பேன். அவ்வளவுதான்."

கால்சுத்து தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு இருவரும் ஆளுக்கு ஒரு முனையாகப் பலகையைத் தூக்கி ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சின்னவள் மூலையைக் குனிந்து பார்த்து, புது இலை ஒட்ட வேண்டுமானால் மிச்சமிருந்த தகட்டைப் பேர்த்தெடுக்க வேண்டும், சூட்டில் பசை இளகினால்தான் அது வரும், வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வாருங்கள் என்றாள். கால்சுத்து வேகமாக வெளியே நடந்தாள்.